மொட்டை மாடியில் எடுத்த நட்சத்திரப் படம் ஏன் கெட்டது? வடசென்னைக்காரர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

"அண்ணா, நேத்து ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தை எடுத்தேன். எல்லாம் பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. லென்ஸ் போயிடுச்சா?" என்று தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். லென்ஸுக்கு ஒன்றும் இல்லை. ஏசி அறையில் கிடந்த கேமராவை நேராக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அப்படியே கிளிக் செய்திருக்கிறார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கிறது. இருட்டில் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

எனக்கு இப்படிக் கேள்வி வரும்போதெல்லாம் கேமரா அமைப்பில்தான் ஏதோ தப்பு என்ற நினைப்பு அதில் இருக்கும். திருவொற்றியூர் மாடியில் நான் வீணடித்த இரவுகளைக் கணக்குப் பார்த்தால், பாதிக்கு மேல் காரணம் கடல் காற்று, தளத்துச் சூடு, பார்த்த திசை. ஆகவே கெட்டுப்போன படத்தை வைத்துக்கொண்டு, எந்த மாதிரி கெட்டிருக்கிறது என்று பார்த்து, அதன் வழியே காரணத்துக்குப் போவோம்.

முதலில் ஒரு பழக்கம். படத்தைக் கணினியில் 100 சதவீத அளவில் திறங்கள். நடுவில் ஒரு நட்சத்திரம், மூலையில் ஒரு நட்சத்திரம், அன்று எடுத்த முதல் படம், கடைசிப் படம். இந்த நான்கையும் பார்த்துவிட்டு அப்புறம் எதையாவது மாற்றலாம். மாற்றும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

நான் மனதில் வைத்திருப்பது சாதாரண க்ராப் சென்சார் கேமரா (ஒளியைப் பிடிக்கும் சென்சார் முழு அளவைவிடச் சிறியது), கூடவே வரும் 18-55 லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஒரு ட்ரைபாட். எப்போதும் ரா வடிவில், அதாவது கேமரா எதையும் திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். ஜேபெக்கில் எடுத்துவிட்டு வந்தால் கீழே சொல்லியிருப்பதில் பாதி உதவாது.

வானம் வெளுத்தோ ஆரஞ்சாகவோ வந்திருக்கிறது

நம் பக்கத்தின் தலையாய நோய் இதுதான். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அமைப்பைக் குறைக்கும் முன்னால் கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்று யோசியுங்கள். என் மாடியிலிருந்து சொல்கிறேன். தெற்கே துறைமுகமும் அதன் பின்னால் மொத்தச் சென்னையும். மேற்கே மணலி, சுத்திகரிப்பு ஆலையின் எரிசுடர் பெரிதாக எரியும் இரவில் மேகத்தின் அடிவயிறு சிவந்து தெரியும். வடக்கே எண்ணூர், அத்திப்பட்டு. மிச்சம் இருப்பது கிழக்கு. வங்கக் கடலுக்கு மேலே தெருவிளக்கு கிடையாது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் அடிவானத்தில் வரிசையாக மினுங்கும், அவ்வளவுதான். ஆக, வடசென்னையில் நல்ல வானம் கிழக்கிலும் தலைக்கு நேர் மேலேயும்தான் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் எதை எப்போது எடுப்பது என்பது தானாகவே முடிவாகும். ஓரியன் ஜனவரி நடுவில் இரவு எட்டு மணிக்கே கிழக்கில் பாதி உயரத்துக்கு மேல் ஏறியிருக்கும். பத்து மணி வாக்கில் உச்சிக்குப் பக்கத்தில், சுமார் 70 டிகிரியில் நிற்கும். எட்டிலிருந்து பதினொன்று வரை அதற்கு ஏற்ற நேரம். பன்னிரண்டுக்கு மேல் அது மேற்கே சாய்ந்து மணலி வெளிச்சத்தில் இறங்க ஆரம்பிக்கும். அதன் பிறகு எடுக்கும் படங்களையும் சேர்த்து அடுக்கினால் (அடுக்குவது பற்றிக் கீழே சொல்கிறேன்) முன்னால் எடுத்த நல்ல படங்களும் கெடும். கார்த்திகைக் கூட்டமும் இதே கணக்குதான், ஓரியனுக்கு இரண்டு மணி நேரம் முன்னால்.

தெற்கே தாழ்வாக இருப்பவை வேறு கதை. நம் அட்சரேகை 13 டிகிரி என்பதால், வடக்கே இருப்பவர்கள் ஏங்கும் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து நமக்குக் கிட்டத்தட்ட 30 டிகிரி உயரத்துக்கு வருகிறது. ஆனால் அது வருவது சென்னை வெளிச்சத்துக்கு நேர் மேலே. 30 டிகிரியில் ஒளி கடந்து வரும் காற்று, உச்சியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதையும் எடுத்திருக்கிறேன். மங்கலான பஞ்சு மாதிரி வந்தது. ஆசைக்கு ஒரு முறை எடுக்கலாம்.

திசை சரி, ஆனாலும் வெளுக்கிறது என்றால் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடத்தைத் திறங்கள். மேடு இடது ஓரத்திலிருந்து நான்கில் ஒன்று அல்லது மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்க வேண்டும். நடுவைத் தாண்டிப் போனால் ஷட்டர் நேரத்தைப் பாதியாக்குங்கள். இடது சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் கூட்டுங்கள். இந்த ஊரில் ஐஎஸ்ஓ 800 பெரும்பாலும் போதும். ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கி வானத்தைக் கறுப்பாக்குபவர்கள் இருக்கிறார்கள். அதில் வானம் கறுக்கும், கூடவே நட்சத்திரமும் கறுக்கும். நகர வெளிச்சத்துக்கும் நெபுலாவுக்கும் (விண்வெளி வாயு மேகம்) உள்ள விகிதம் மாறவே மாறாது. அந்த விகிதத்தை மாற்றும் வழிகள் இரண்டுதான்: நல்ல திசை, நிறையப் படங்கள்.

நிறைய என்றால் எவ்வளவு? ஒரே அமைப்பில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பதை ஸ்டாக்கிங் என்கிறோம். படத்தில் மணல் தூவின மாதிரி வரும் இரைச்சல் குறைவது எண்ணிக்கையின் வர்க்கமூலப்படி. 100 படம் அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்கு. அதையும் பாதியாக்க 400 படம் வேண்டும். நான்கு விநாடிப் படங்கள் 400 என்றால் அரை மணி நேரச் சொச்சம். டைமரைப் போட்டுவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அடுக்குவதற்கு சீரில், டீப்ஸ்கைஸ்டாக்கர், சீக்வேட்டர் மூன்றும் இலவசம். அடுக்கிய பிறகும் ஒரு பக்கம் வெளிச்சம் மற்றப் பக்கம் இருட்டு என்று சாய்வாக இருக்கும்; கிராக்ஸ்பெர்ட் அதைச் சுரண்டி எடுத்துவிடும். அதுவும் இலவசம்தான்.

ஃபில்டர் வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். சோடியம் விளக்குகள் இருந்த காலத்தில் அந்த ஆரஞ்சு ஒளியை மட்டும் வெட்டும் ஃபில்டர்கள் நன்றாக வேலை செய்தன. இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்இடி. அது எல்லா நிறத்திலும் ஒளி விடுகிறது. எதை வெட்டுவது? ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் 656 நானோமீட்டர், ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் என்று குறுகிய பட்டைகளை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் ஓரியன் நெபுலா போன்றவற்றுக்கு இன்றும் உதவும். நட்சத்திரக் கூட்டத்துக்கோ ஆண்ட்ரோமெடா போன்ற பால்வீதிக்கு வெளியே உள்ள விண்மீன் மண்டலத்துக்கோ பெரிதாக உதவாது. முதல் ஆறு மாதத்துக்கு அந்தக் காசில் கை வைக்காதீர்கள்.

பால்வீதியின் மையத்தை மாடியிலிருந்து எடுக்க முடியுமா? கேட்பவர்களிடம் நான் முடியாது என்றுதான் சொல்கிறேன். பிடிவாதமாக 500 படம் அடுக்கினால் ஏதோ ஒரு புகைத்தடம் வரும். அதற்குப் பதில் அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை பழவேற்காடு போங்கள். அங்கேயும் தெற்கு வெளுத்துத்தான் இருக்கும், ஆனால் கிழக்கு உங்களுடையது. மார்ச்சில் விடியற்காலை நான்கு மணிக்குத் தென்கிழக்கில் பார்க்கலாம். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் ஜவ்வாது மலைதான். காவலூர் வானாய்வகத்தை அங்கே வைத்தது சும்மா இல்லை.

வர்தா புயலன்று, 2016 டிசம்பர் 12, மொத்தப் பகுதிக்கும் கரன்ட் போனது. விளக்கே இல்லாத சென்னை! கேமராவைத் தூக்கிக்கொண்டு அடுத்த இரவு மாடிக்கு ஓடினேன். பார்த்தால் பௌர்ணமி. கொடுப்பினை இல்லை.

படத்தில் வில் மாதிரி ஒளிக்கோடு, அல்லது ஒரு மூலை மட்டும் வெளுப்பு

பக்கவாட்டு விளக்கு லென்ஸுக்குள் நுழைகிறது. எங்கள் எதிர் மாடியில் ஒரு ஃபோகஸ் லைட் உண்டு. நம் ஊரில் அந்தப் பெயர்தான், நமக்கு ஃபோகஸைக் கெடுப்பதும் அதுதான். லென்ஸ் ஹூட் போடுங்கள். இல்லாவிட்டால் கறுப்புச் சார்ட் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போடுங்கள். தண்ணீர் டேங்கின் நிழலில் ட்ரைபாடை வையுங்கள். நான் கடைசியில் நேராகவே போய்க் கேட்டேன். "அண்ணே, பதினோரு மணி வரைக்கும் அந்த லைட்டை நிறுத்தி வைக்க முடியுமா? நட்சத்திரம் படம் எடுக்கறேன்." அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "இதுக்குதான் ராத்திரில மாடில நிக்கறியா? நாங்க வேற என்னமோன்னு நெனச்சோம்பா." அன்றிலிருந்து மாலையில் அவரே கேட்டுவிட்டு அணைக்கிறார். சனி வளையத்தை ஒரு தரம் காட்டியதற்கு அவ்வளவு மதிப்பு.

நட்சத்திரம் புள்ளியாக இல்லை, உருண்டையாகவோ வடை மாதிரியோ இருக்கிறது

முதல் படத்திலிருந்தே, நடுவிலும் மூலையிலும் ஒரே மாதிரி உருண்டையாக இருந்தால் ஃபோகஸ் தவறு. நடுவில் ஓட்டையோடு வடை மாதிரி இருந்தால் ரொம்பவே தவறு.

லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கிறதே என்று அதில் வைத்துவிட்டு எடுத்தேன் ஒரு நாள். 220 படம். கீழே வந்து கணினியில் திறந்தால் ஓரியன் முழுக்க மெதுவடை. பெரும்பாலான லென்ஸ்களில் அந்தக் குறியைத் தாண்டியும் வளையம் திரும்பும். சரியான இடம் குறிக்குச் சற்று முன்போ பின்போ இருக்கும்.

செய்ய வேண்டியது இது. ஆட்டோ ஃபோகஸை அணையுங்கள். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சிரியஸ், அகத்தியர், திருவாதிரை எது வேண்டுமானாலும். பத்து மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். உருண்டை சுருங்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் மிகச் சிறிதாகும், அப்புறம் திரும்பப் பெருக்கும். அந்த இடத்தை ஒரு முறை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். தாண்டாமல் எங்கே நிற்பது என்று தெரியாது. மிகச் சிறிதாக இருக்கும்போது பக்கத்தில் அதுவரை தெரியாத சின்ன நட்சத்திரம் ஒன்று திரையில் எட்டிப் பார்க்கும். அது வந்துவிட்டால் சரி என்று அர்த்தம். வளையத்தின் மேல் மின்சார டேப் ஒட்டுங்கள். ஜூம் வளையத்துக்கும் ஒட்டுங்கள். உச்சியைப் பார்க்க லென்ஸை நிமிர்த்தும்போது ஜூம் தானாகச் சரியும்.

மங்கலான நட்சத்திரங்கள் சரியாக இருந்து பிரகாசமானவற்றைச் சுற்றி மட்டும் ஊதா வளையம் இருந்தால் அது லென்ஸின் குணம். லென்ஸ் துளையைச் சிறிதாக்கி, எஃப் 1.8-ஐ எஃப் 2.8 ஆக்கினால் அடங்கும்.

முதல் நாற்பது படம் நன்றாக இருக்கிறது, போகப் போக ஊதிவிட்டது

பனி. கடலோரத்தில் இதற்குத் தப்ப முடியாது.

இரண்டு வகையில் வரும். கோடையில் வெளியே 30 டிகிரி இருக்கும்போது காற்றின் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25, 26 வரை இருக்கும். உங்கள் ஏசி 24-இல் ஓடியிருந்தால் கேமராவும் 24-இல் இருக்கும். வெளியே வந்த நொடியில் குளிர்ந்த சோடா பாட்டில் மாதிரி வேர்க்கும். வெளியில் மட்டுமா, சில நேரம் லென்ஸின் உள்பக்கமும், சென்சார் மேலும். இதைத் தவிர்க்க, அறையிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடி, மாடியில் அரை மணி முக்கால் மணி வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். வேர்வை பையின் மேல் படியும், லென்ஸில் படியாது. இன்னும் சுலபம், மாலையிலிருந்தே கேமராவை ஏசி இல்லாத அறையில் வைப்பது.

இரண்டாவது குளிர்காலப் பனி. ஜனவரி, பிப்ரவரியில் பதினொரு மணிக்கு மேல் லென்ஸ் முகம் திறந்த வானத்தைப் பார்த்து வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அப்போது மெல்ல மெல்லப் பூக்கும். படத்தில் அடையாளம்: பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி மென்மையான ஒளிவட்டம் வளரும், சின்ன நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஃபோகஸ் நழுவினால் அப்படி இருக்காது. எல்லாமே ஒரே அளவில் உருண்டையாகும். சந்தேகமாக இருந்தால் மொபைல் டார்ச்சை லென்ஸின் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாது. சாய்த்தால் கண்ணாடி மேல் சாம்பல் பூசிய மாதிரி நுண்துளிகள் மினுங்கும்.

மருந்து: பவர் பேங்கில் ஓடும் லென்ஸ் ஹீட்டர் பட்டை ஒன்றை லென்ஸ் முனையில் சுற்றிவிடுவது. எஃப் எண் குறைவான புது லென்ஸ் வாங்குவதைவிட எங்களுக்கு இது முக்கியம். இல்லாதவர்கள் நீளமான ஹூட் போட்டு, இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தூரத்திலிருந்து காட்டலாம். பனியன் துணியால் துடைக்காதீர்கள். அந்தத் துளியில் கடல் உப்பு இருக்கிறது; காய்ந்த உப்பைத் தேய்ப்பது கண்ணாடியைக் கீறுவதற்குச் சமம். ஊதுகுழலால் ஊதி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை லேசாக ஈரமாக்கி ஒற்றியெடுங்கள்.

நட்சத்திரம் கோடாக, புழுவாக, இறக்கையோடு

எல்லாம் ஒரே திசையில் சின்னச் சின்னக் கோடு: பூமி சுற்றுகிறது, ஷட்டர் நீளம். 500-ஐ லென்ஸ் நீளத்தால் வகு, க்ராப் சென்சார் என்றால் இன்னொரு 1.5-ஆலும் வகு என்று பழைய கணக்கு ஒன்று சுற்றுகிறது. க்ராப் கேமராவில் 18 மி.மீ.க்கு 18 விநாடி, 50-க்கு ஆறரை விநாடி என்று வரும். இன்றைய 24 மெகாபிக்சல் சென்சாரில் அது காணாது. 18-க்கு 13, 50-க்கு மூன்றரையிலிருந்து நான்கு. ஓரியன் வானத்தின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே நகர்வு அதிகம், கஞ்சமாகவே இருங்கள்.

புழு மாதிரி நெளிந்தோ, ஒவ்வொன்றும் இரட்டையாகவோ இருந்தால்: அதிர்வு. ஷட்டரை விரலால் அழுத்தாமல் இரண்டு விநாடி டைமரோ ரிமோட்டோ பயன்படுத்துங்கள். லென்ஸில் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போகும்போது பக்கத்துத் தெரு மாடிகள் நடுங்கும். மேம்பாலத்தில் போகும் மெட்ரோவும் அப்படித்தான். ட்ரைபாடைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ தூணோ இருக்கும் ஓரத்தில் வையுங்கள். நடுக்கழியை உயர்த்தாதீர்கள். கடல் காற்று அடிக்கும் இரவில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அதில் கட்டித் தொங்கவிடுவேன், தரையைத் தொட்டும் தொடாமலும். ஆடவிட்டால் அதுவே அதிர்வாகும்.

மூலையில் மட்டும் பறவை இறக்கை: கோமா என்ற லென்ஸ் குறை, ஓரத்து ஒளியை ஒரு புள்ளியில் குவிக்க முடியாதது. எஃப் எண்ணைக் கூட்டுங்கள். 50 எஃப் 1.8-க்கு எஃப் 2.8 நல்ல சமரசம்.

சிவப்பு, நீல, பச்சைப் புள்ளிகள்

நட்சத்திரத்துக்கு அப்படி ஒற்றை பிக்சலில் பளிச்சென்ற நிறம் இருக்காது. இவை ஹாட் பிக்சல்கள், சென்சாரின் சூடு. சென்சாரில் தானாக ஊறும் மின்னோட்டம் ஏறக்குறைய ஆறு டிகிரிக்கு ஒரு முறை இரட்டிக்கும். மலையில் 15 டிகிரியில் எடுப்பவர் படத்தில் இல்லாத புள்ளிகள் மே மாதத்து வடசென்னையில் 30 டிகிரியில் எடுப்பவர் படத்தில் குவிவது இதனால்தான்.

டார்க் ஃப்ரேம் எடுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு அதே ஐஎஸ்ஓ, அதே விநாடியில் இருபது முப்பது படம். அடுக்கும் மென்பொருள் இவற்றை வைத்து அந்தப் புள்ளிகளைக் கழிக்கும். இதில் நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. எடுத்து முடித்துக் களைப்பாகக் கீழே வந்து, ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு டார்க் எடுப்பார்கள். சென்சார் குளிர்ந்துவிட்டது; அந்த டார்க் மாடியில் எடுத்த படத்துக்குப் பொருந்தாது. மாடியிலேயே, கையோடு எடுங்கள்.

கேமராவிலேயே நீண்ட ஷட்டருக்கான இரைச்சல் நீக்கம் ஒன்று இருக்கும். அது ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே நேரம் காத்திருக்கும், உங்கள் இரவில் பாதி போய்விடும். நட்சத்திரத் தடம் எடுக்கும்போது அது ஓடிக்கொண்டிருந்தால் தடம் புள்ளிக்கோலமாக உடையும். அணைத்து வையுங்கள்.

அடுக்கிய பிறகு சாம்பல் நிற வட்டங்கள், அல்லது ஒரே திசையில் மழைக்கோடு போன்ற கறை

வட்டங்கள் சென்சார் மேல் தூசி. ஃபோகஸை மாற்றாமல், அதே எஃப் எண்ணில், லென்ஸ் மேல் வெள்ளைப் பனியன் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி விடியற்கால வானத்தைப் பார்த்து இருபது படம். அதுதான் ஃப்ளாட் ஃப்ரேம்; அதை வைத்து அடுக்கும் மென்பொருள் தூசிக் கறையைச் சரிசெய்யும். பனியனுக்கு இந்த வேலைதான் சரி.

மழைக்கோடு, படத்துக்குப் படம் வானம் ஒரே பக்கமாக நகர்ந்ததால் வருவது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேமராவை இம்மி திருப்பி வையுங்கள்.

விமானம், செயற்கைக்கோள் கோடுகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். அடுக்கும்போது சராசரிக்குப் பதில் சிக்மா கிளிப்பிங்கைத் தேர்ந்தெடுத்தால், ஒரு படத்தில் மட்டும் இருப்பதை மென்பொருள் தூக்கி எறிந்துவிடும். இருபது படத்துக்கு மேல் இருந்தால் நன்றாக வேலை செய்யும்.

நிலா வெள்ளைத் தட்டாக, வியாழன் கொதிக்கும் புள்ளியாக

நிலாவை வெயிலில் கிடக்கும் பாறையாக நினையுங்கள். முழு நிலாவுக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/100 விநாடி. பாதி நிலாவுக்கு எஃப் 8, 1/60-இலிருந்து ஆரம்பியுங்கள். கேமரா தானாகக் கணக்குப் போட்டால் சுற்றியுள்ள கறுப்பைப் பார்த்து ஏமாந்து நிலாவை வெளுத்துவிடும். பௌர்ணமி நிலா பார்க்கத்தான் அழகு, படத்தில் சப்பென்று இருக்கும். அஷ்டமி, நவமியில் ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்கள் எழுந்து நிற்கும்.

வியாழனுக்கு 250 மி.மீ. லென்ஸில் இரண்டு விதமாக எடுக்க வேண்டும். நான்கு நிலவுகளுக்கு ஐஎஸ்ஓ 800, கால் விநாடி. இதில் கோள் வெளுக்கும். கோளின் வட்டத்துக்கு 1/250 விநாடி. இதில் நிலவுகள் மறையும். ஒரே படத்தில் இரண்டும் வராது. பட்டைகள் தெரிய டெலஸ்கோப் வேண்டும். அதில் வீடியோவாக எடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட்டில் நல்ல சட்டங்களை மட்டும் பொறுக்கி அடுக்குவார்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால் ஒரு வீடியோ இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

கொதிப்பது கேமரா கோளாறு அல்ல. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை அதைத் திரும்ப விடும். பக்கத்து மாடியின் ஏசி வெளியலகுக்கு மேல் கோளைப் பார்த்தால் அடுப்புக்கு மேல் பார்ப்பது மாதிரி. மாலையில் இரண்டு வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றுங்கள், நள்ளிரவுக்குப் பிறகு எடுங்கள், நம் தெருக் கூரைகளுக்கு மேல் இருக்கும் கோளைவிடக் கடல் பக்கம் இருக்கும் கோளைத் தேர்ந்தெடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. லேசான மூட்டம் போட்டு, காற்று அசையாத இரவில் கோள்கள் மிகத் தெளிவாக நிற்கும். மழை விட்ட மறுநாள் கண்ணாடி மாதிரி இருக்கும் வானத்தில் நட்சத்திரங்கள் கண் சிமிட்டித் துடிக்கும், கோள்கள் நடுங்கும். தெளிவு வேறு, நிதானம் வேறு. எந்த இரவு எது இருக்கிறதோ அதற்கேற்ற இரையைத் தேடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் படத்தில் ஒன்றும் இல்லை

அன்றைக்கு வானமே இல்லை. நான் வைத்திருக்கும் சோதனை இது. கார்த்திகைக்கு அறுமீன் என்று பெயர். இருட்டில் பத்து நிமிடம் நின்று, கண் பழகியதும் அதில் எத்தனை எண்ண முடிகிறது என்று பாருங்கள். எங்கள் மாடியில் ஆறு எண்ணியதாக எனக்கு நினைவில்லை. நான்கு தெரிந்தால் நெபுலா எடுப்பேன். இரண்டு மூன்றுதான் என்றால் நிலா, கோள். வெறும் கறையாகத் தெரிந்தால் படுக்கப் போவேன். கண்ணுக்குத் தெரிவதைவிட ஐந்து ஒளித்தரம் (நட்சத்திரப் பிரகாசத்தை அளக்கும் படி) மங்கலானதை கேமரா பிடிக்கிறது என்றால் அது நூறு மடங்கு மங்கல். ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு என்ற இந்தக் கணக்கை 1856-இல் சொன்ன நார்மன் பாக்சன், அப்புறம் நம் நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கே வேலைக்கு வந்து, 1861-இல் இங்கிருந்தே 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். அன்றைய நுங்கம்பாக்கத்துக்கு எத்தனை கார்த்திகை தெரிந்திருக்கும் என்று நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

மாதக் கணக்கு: அக்டோபரிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை, டிசம்பரில் வரும் ஜெமினிட் எரிகல் பொழிவை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது அது விழுங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை நம் பருவம். அதற்குள்ளும் போகி வருகிறது. போகிக்கு முந்தின இரவும் மறுநாளும் கேமராவைத் தொடுவதே வீண். புகை தெருவிளக்கையே மறைக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேகத்துக்கு நடுவே கிடைக்கும் ஓட்டைகளில்தான் பிழைப்பு.

வானிலை மையத்தின் செயற்கைக்கோள் படத்தை இரவில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இரவுப் படம் அகச்சிவப்பு, அதாவது சூட்டின் படம். கடலிலிருந்து தாழ்வாக வரும் மேகத்தின் சூடு கிட்டத்தட்ட தரையின் சூடுதான் என்பதால் அது படத்தில் சரியாகத் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறதே என்று நம்பி மேலே போனால் பஞ்சுப் பொதிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். மாடியில் நின்று கிழக்கே கண்ணால் பார்ப்பதுதான் உறுதி.

டிராக்கர் வாங்கியும் கோடு விழுகிறது

டிராக்கர் என்பது வானம் நகர்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி; அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். அந்தத் துருவ நட்சத்திரம் நமக்கு வெறும் 13 டிகிரி உயரத்தில். எண்ணூர் வெளிச்சத்துக்குள்ளும் பக்கத்து வீட்டு டேங்குக்குப் பின்னாலும் அது ஒளிந்திருக்கும். குறிபார்க்க முடியாவிட்டால் மொபைலின் சாய்வுமானியை வைத்து அச்சை 13 டிகிரிக்குச் சாயுங்கள், திசைகாட்டியால் வடக்கைப் பிடியுங்கள். மொபைலை இரும்புக் கம்பிகளிலிருந்தும் ட்ரைபாடிலிருந்தும் தள்ளி வைத்துப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸில் அரை நிமிடம் வரை இது தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால், தெற்கு உச்சிக்கோட்டில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி வைத்து, அது மேலே நழுவுகிறதா கீழே நழுவுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஒரு இரவு முழுக்க அதற்கே போகும். மொத்தமாக ஒரு எச்சரிக்கை: இவ்வளவு தாழ்ந்த அட்சரேகையில் சில மவுன்ட்களில் (கேமராவைத் தாங்கித் திருப்பும் தாங்கிகளில்) எதிர்எடை மாட்டும் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும். வாங்கும் முன் கடையிலேயே 13 டிகிரிக்குச் சாய்த்துப் பாருங்கள்.

போன மாதம் நன்றாக இருந்த லென்ஸுக்குள் சிலந்தி வலை

பூஞ்சை. டார்ச்சை லென்ஸ் வழியாக அடித்துப் பின்பக்கம் பார்த்தால் மெல்லிய நூல் கிளைகள் தெரியும். என் பழைய ஜூம் லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். வலை போய்விட்டது, கூடவே ஃபோகஸ் சீரும் போய்விட்டது. ஒரு பக்க நட்சத்திரங்கள் இன்றும் மங்கலாகத்தான் வருகின்றன. ஆகவே வர விடாமல் பார்ப்பதே மேல்.

இரவு முடிந்ததும் பனி ஈரத்தோடு கேமராவைப் பைக்குள் திணிக்காதீர்கள். மின்விசிறியடியில் அரை மணி காயவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். எவர்சில்வர் சம்புடம் வேண்டாம், மூடி இறுக்கமாக இருக்காது. நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது ஈரம் ஏறியது என்று தெரியும். நம் ஊரில் பருவமழை மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாறிவிடுகிறது. மொட்டை மாடி வெயிலில் பரப்பினால் ஓரளவு காயும், ஆனால் மாலை நான்கு மணிக்குள் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு காற்றில் ஈரம் ஏறி, காய்ந்ததெல்லாம் திரும்ப நனையும். ட்ரைபாட் கால்களை மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பு ஏறிய திருகு ஒரு நாள் நடு இரவில் திரும்பாமல் நிற்கும்.